மழைக்கோட்டுச் சிகரெட்

கொளுத்துகிற மே மாத வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? நெரவிப் பக்கம் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். காரைக்கால் ஆபீசிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிவநாதன் தன் வயல் மோட்டார் கொட்டகைக்குள் நுழைவான். ஆணியில் தொங்குகிற மழைக்கோட்டைக் கழுத்துவரைக்கும் பூட்டிக்கொள்வான். அப்புறம்தான் சிகரெட். சட்டையில் வாடை ஒட்டக் கூடாது பாருங்கள்! முடிந்ததும் கொய்யாத் தழையை மென்று துப்பிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்து மகள் இனியாவை வாரித் தூக்குவான்.

ஏனென்றால் வீட்டில் சட்டம் அப்படி. "சிகரெட்டை விட்டாத்தான் புள்ளையத் தொடலாம்" என்று மனைவி தேவிகா போட்ட சட்டம். விட்டாச்சு என்று இவனும் சத்தியம் பண்ணியிருந்தான்.

சனிக்கிழமை காலை, குழந்தைக்குத் தடுப்பூசி விவரம் கேட்க வந்த நர்ஸ் தையல்நாயகி, சுவர் பிளக்கில் ஒயர் மாட்டியிருந்த உள்ளங்கை அளவு மிஷின் ஒன்றை நீட்டினாள்.

"தம்பி, இதுல ஒரு ஊது ஊதுங்க."

சிவநாதனுக்குச் சிரிப்பு வந்தது. நாகூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினாலே செக்போஸ்ட்டில் ஊதச் சொல்கிறார்கள். குடிக்காத வாய், தைரியமாக ஊதிப் பழகிய வாய். இதுவும் வாடை பிடிக்கிற சமாசாரம்தானே?

"ஊதிட்டாப் போச்சு!"

"வாடை பாக்குற மிஷின் இல்ல தம்பி. கார்பன் மோனாக்சைடு பாக்குறது. வண்டிக் குழாய்ல வருதே, அந்த வாயு. சிகரெட் புகையிலயும் இருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் ஒக்கார வேண்டிய எடத்துல அது ஏறி ஒக்காந்துக்கும்."

"கொய்யாத் தழை மென்னா எறங்கிடுமாக்கா?" என்றாள் தேவிகா, அப்பாவியாக.

சிவநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தழைக்கெல்லாம் அசையுமா? அது மட்டுமா, பொணம் கெடாம இருக்க ஊத்துறாங்களே, அந்த மருந்துல உள்ள சரக்கு அந்தப் புகையில இருக்கு. ஆர்சனிக் இருக்கு, அது சுத்த வெஷம்."

"பொணத்துக்கு ஊத்துறதா!" என்றான் சிவநாதன்.

"சிகரெட்டு குடிச்சு முடிச்சப்புறமும் கொஞ்ச நேரம் அந்த நஞ்சு மூச்சுல வந்துகிட்டே இருக்கும். முடி, தோலு, வெரலு, எல்லாத்துலயும் ஒட்டிக்கும்."

சிவநாதன் மடியைப் பார்த்தான். இனியா அவன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். சிகரெட் பிடிக்கிற அதே விரல்! சுடுதண்ணீர் பட்டவன் போல வெடுக்கென்று பிடுங்கினான். குழந்தை வீறிட்டது.

"ஊதுங்க தம்பி."

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினான். திறந்து பார்த்தால், மிஷினில் சிவப்பு விளக்கு!

"ஐயோ, இந்தா புள்ளையப் புடி!" என்று தேவிகாவிடம் கொடுத்துவிட்டுப் பொலபொலவென்று கொட்டினான். "நான் விடவே இல்ல தேவிகா! மோட்டார் கொட்டகையில மழைக்கோட்டுப் பையில பாக்கெட்டு இருக்கு! பாக்கெட்டு வாங்க மறந்துபோற அன்னிக்கு ஆபீஸ்ல அறிவுச்செல்வன் குடுப்பான்! அரிசி டிரம்முக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்கு!"

"அரிசி டிரம்மா?" தேவிகா வாயைப் பிளந்தாள். "அது எனக்குத் தெரியாதுங்களே!"

"இனிமே தொட்டா நான் மனுசனே இல்ல. பாழாப்போன மிஷினு, ஒரு ஊதுலயே கண்டுபுடிச்சிடுச்சே!"

தேவிகா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். மிஷினிலிருந்து சுவருக்குப் போன ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது.

"அது சார்ஜ் ஏறுற லைட்டுங்க. அக்கா இன்னும் மிஷினையே போடல."