தொண்ணூற்றிரண்டு படியும் ஏழு விதப் பையும்

ஐம்பத்தெட்டாவது படியில் பிள்ளை சுமக்கும் பையின் பக்கிள் படீரென்று தெறித்தது. அரூஸ் ஒரு கையால் மகனையும் மறுகையால் மதிலையும் பிடித்துக்கொண்டு, உலகத்தில் பேபி கேரியர் விற்கிற அத்தனை பேரையும் வாய்விட்டுத் திட்டினான். பதினாறு மாதத்து ஸிபான் வாப்பாவின் தோளில் எச்சில் வடித்துச் சிரித்தான்.

கட்டுகஸ்தோட்டை மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு படி. மனைவி ஹிதாயாவுக்கு முதுகுவலி. பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே காலையில் பிள்ளையைச் சுமந்து இறங்கி, ரோட்டோரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் றலியா மாமியிடம் கொடுத்துவிட்டு, கண்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு ஓடுவதும், பின்னேரம் சுமந்து ஏறுவதும் அரூஸின் தலையெழுத்து. வீட்டிலும் கீழே விட வழியில்லை. முற்றத்துக்கு இன்னும் சுவர் கட்டவில்லை. எட்டிப் பார்த்தால் கீழ்வீட்டுக் கூரை. கட்டில், மடி, பை என்று பிள்ளைக்கு மூன்றே இடம்.

பாரம் கூட அவனுக்குப் பெரிதில்லை. பிள்ளை இன்னும் நடக்கவில்லை என்பதுதான் நெஞ்சைக் குடைந்தது. மாமியார் அக்குறணையிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், "இன்னம் நடக்கல்லையா? எங்கட பிள்ளையள் பத்து மாசத்துல ஓடிச்சே!" என்பார். பதினெட்டு மாதம் வரை பார்ப்போம், பிறகு டெஸ்ட் எடுப்போம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்ல அரூஸுக்கு வாய் வராது. அதனால் கோபப்பட்டான்.

மறுநாள் அறுந்த பையை, அதை விற்ற நஸீமின் கடை மேசையில் எறிந்தான்.

"மூணு வயசு வரைக்கும் தாங்குமிண்டு சொன்னீங்க!"

"வயசத் தாங்கும் தம்பி. உங்கட மகன்ட பாரத்தத்தான் தாங்கல்ல," என்றார் நஸீம், கண்ணூறு பட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி. "இதப் பாருங்க, புதுசு. பிள்ளையோட சேந்து வளரும். முன்னுக்கு, பின்னுக்கு, இடுப்புல... ஏழு விதமாக் கட்டலாம். நாலு வயசு வரைக்கும் கவலையே இல்ல."

நாலு வயதா? அப்போதும் தூக்கத்தான் வேண்டுமா? பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினான்.

முதல் நாள் முன்னால் கட்டினான். படி தெரியவில்லை. காலைப் படியோரத் தண்ணீர்க் கானுக்குள் விட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். இரண்டாம் நாள் பின்னால் கட்டினான். ஸிபான் வாப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தான். கண்ணாடிக் கடைக்காரனே கண் தெரியாமல் வேலைக்கு வந்ததைப் பார்த்து முதலாளி சிரித்த சிரிப்பு, அன்று முழுக்க அரூஸின் காதில் இருந்தது. மூன்றாம் நாள் இடுப்பில் கட்டி ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான். எதிரே வந்த ஒருவர் நின்று, "எப்ப இருந்து வாதம்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"பொட்டிக்குள்ள எப்பிடிக் கட்டுறதிண்டு கடதாசி ஒண்டு இரிக்கி. வாசிச்சுக் காட்டட்டா?" என்றாள் ஹிதாயா.

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"கோபத்த என்ட மேல காட்டாதீங்க. அவன் நடக்கணுமிண்டு நானும்தான் துஆக் கேக்குறன்."

அரூஸ் எழுந்து போய்ப் பையைக் காலால் உதைத்தான்.

றலியா மாமி ஒவ்வொரு பின்னேரமும், "என்ன அவசரம் மகன்? இருந்து ஒரு ப்ளேன்டீ குடிச்சிட்டுப் போங்க," என்பார். "நேரமில்ல மாமி," என்று வாசலிலேயே பிள்ளையை வாங்கி, பைக்குள் திணித்து, ஏறிவிடுவான்.

நாலாம் நாள் காலை மறுபடி முன்னால் கட்டி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துப் பட்டியை இழுத்து இறுக்கினான். மாமி வீட்டு வாசலில் வந்து கழற்றப் பார்த்தால் நடுமுதுகில் பக்கிள் இறுகிக் கிடக்கிறது. மாமி இழுத்தார். மருமகள் ஷஹ்மா தேங்காயெண்ணெய் பூசினாள். இழுத்த விரல்தான் வழுக்கியது. ஸிபான் இதை விளையாட்டென்று நினைத்து வாப்பாவின் வயிற்றில் மாறி மாறி உதைத்தான். ரோட்டில் கண்டி பஸ் போய்விட்டது.

"வெட்டுங்க!"

"புதுசு மகன்!"

"வெட்டுங்கண்டு சொல்றன்!"

மாமி மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்தார். பட்டி இரண்டும் அறுந்தன. ஏழு விதமாகக் கட்டும் பை ஒரு விதமும் இல்லாமல் தரையில் விழுந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரூஸ் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"இனி என்னத்துல தூக்க? தலையிலயா? இவன்ட கலியாணத்துக்கும் நான்தான் சுமந்துட்டுப் போவணுமா? அந்த நஸீமை நான்..."

சட்டென்று நின்றான். கோபம் போன இடம் தெரியவில்லை.

"மாமி... இவன் நடக்கவே மாட்டானா?"

றலியா மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷஹ்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மொதல் அடிய வாப்பாவே பாக்கட்டும், சொல்லிராதிண்டு மாமி என்ட வாயக் கட்டிப் போட்டிரிக்காங்க! அவன் இங்க ஓடித் திரிஞ்சு மூணு வாரமாகுது. நீங்க எப்பதான் அவனக் கீழ விடுவீங்கண்டு நாங்களும் பாத்துட்டே இரிக்கோம்!"