பானா பாயின் விசாரணை

தாராவியில் பானா பாய் கழற்றாத நட்டு கிடையாது. அவரிடம் ஏச்சு வாங்காமல் நட்டைக் கழற்றிக்கொண்டு போன ஆளும் கிடையாது.

பானா என்றால் மும்பையில் ஸ்பானர். பாயின் உண்மையான பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். சொந்த ஊர் மேலப்பாளையம். கீழே டயர் கடை, ஏணி வைத்து ஏறினால் மேலே வீடு. சக்கரத்தில் நட்டு இறுகிப்போனால் குர்லாவிலிருந்துகூட வண்டியைத் தள்ளிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள்.

ஆனால் பாய் உடனே பானாவைத் தொடமாட்டார். முதலில் விசாரணை. இதை முடுக்கியது யார், கையால் முடுக்கினானா, மேலே ஏறி மிதித்தானா என்று கேட்பார். குற்றவாளி சக்கரத்தைத் தொட்டு ‘தப்புதான்’ என்று சொன்னால்தான் வேலை நடக்கும். ஆள் வரவில்லையென்றால் வண்டிக்காரர் அவன் சார்பில் சொல்லவேண்டும். டை கட்டிய ஒரு கம்பெனி அதிகாரி நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து தன் டிரைவருக்காக மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வக்கீல் மட்டும் சாட்சியே இல்லை என்று அரை மணி நேரம் வாதாடினார். பாய் பொறுமையாகக் கேட்டு, அரை கிளாஸ் ‘கட்டிங்’ சாயா வாங்கிக்கொடுத்து, நட்டைத் தொடாமலே அனுப்பிவைத்தார்.

அவரிடம் நானும் ஒரு நாள் மாட்டினேன், அதுவும் என் நிச்சயதார்த்தத்தன்று.

பெண் வீடு வாஷியில். ஹார்பர் லைன் ரயிலில் தினமும் ஒன்றாகப் போய் வந்து பழகியவள். அவளுடைய அப்பாவைச் சம்மதிக்கவைக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. மனிதர் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். தாமதமாக வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரை, அவள் அக்காவுக்குப் பார்த்தபோது, வாசலோடு திருப்பி அனுப்பியவர். ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றியாகவேண்டும் என்று எனக்கு மூன்று முறை போன் செய்திருந்தார்.

லேபர் கேம்ப்பில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மாமா ஒரு நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டிவந்தார். பாய் கடைக்குக் கொஞ்சம் முன்னால் டயர் பஞ்சர். மூன்று நட்டு ஒழுங்காகக் கழன்றது. நாலாவது அசையவில்லை. மாமா அளவு சேராத பானாவைப் போட்டு மல்லுக்கட்டியதில் நட்டின் முனைகள் மழுங்கி, அது உருண்டையாகிவிட்டது.

பாய் வந்து குனிந்து பார்த்தார். மழுக்கியது நான்தான் என்று மாமா உடனே ஒப்புக்கொண்டார். அது ரெண்டாவது குற்றம், முதலில் இறுக்கியவன் யார் என்றார் பாய். இரவல் வண்டி, எங்களுக்குத் தெரியாது என்றோம். நிச்சயதார்த்தம் என்று கெஞ்சினேன். அவர் நட்டைத் தடவிக்கொண்டே தீர்ப்பைத் தொடங்கிவிட்டார்.

“பொஞ்சாதிகிட்ட எதுத்துப் பேச வக்கில்லாத பய எவனோ, அந்தக் கோவத்த இதுல காட்டிருக்கான் வே. மனுசனா அவன்?”

அவர் சத்தம் கேட்டு மேலேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். காரின் பின்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கரைக் கண்டதும் வண்டியை அடையாளம் தெரிந்துவிட்டது.

“இது போன மாசம் நம்ம கடைக்கு வந்த வண்டில்லா? அன்னைக்கு எங்கூட சண்ட போட்டுட்டு இறங்கிப் போயி, நீங்கதானே பானாவுல ஏறி நின்னு முடுக்குனிய?”

பாய் தொப்பியைச் சரிசெய்தார். சக்கரத்தைத் தொட்டு, எங்களுக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில் “தப்புதான்” என்றார். மேலேயிருந்து, எனக்குக் கேட்கவில்லை என்று குரல் வந்தது. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

பிறகு அளவில் சற்றே சிறிய சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து நட்டின் மேல் ஏற்றினார். பிடியில் நீளமான இரும்புக் குழாயைக் கோத்து இழுத்தார். நட்டு முனகிக்கொண்டு சுழன்றது. ஸ்டெப்னியை மாட்டி முடித்ததும் யாரும் கூப்பிடாமலே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வாஷியில் கட்டட வாசலிலேயே அவளுடைய அப்பா நின்றிருந்தார். ராகு காலம் தொடங்கிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்த அவர் முகத்தில் என் கல்யாணம் நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. நான் இறங்குவதற்குள் கிரீஸ் கறை படிந்த கைலியோடு பாய் இறங்கிவிட்டார்.

“சார், இந்தப் பிள்ளை மேல கோவப்படாதிய. நட்ட முடுக்குனது நான். பொஞ்சாதி மேல உள்ள கோவத்துல முடுக்கிட்டேன். தப்புதான்.”

ஊரில் உள்ளவர்களையெல்லாம் தப்புச் சொல்லவைத்த மனிதர், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் எனக்காகத் தலைகுனிந்து நின்றார். அவளுடைய அப்பா பாயை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி மாடிப் பக்கம் பார்த்தார். அங்கே பால்கனியில் தன் மனைவி இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்.

“எனக்கும் அந்தக் கோபம் வரும் பாய்” என்றார் மெதுவாக. “பேங்க்ல முடுக்கறதுக்கு நட்டுதான் கெடைக்கலே.”

ராகு காலம் முடியும்வரை இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டபடி குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு தட்டு மாற்றினோம்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால், டயர் நான்கும் நன்றாக இருந்தாலும் பாய் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறேன். வேலை இல்லாமல் எதுக்கு வந்தீர் என்று ஏசுவார். அந்த ஏச்சைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.