தளபதியின் ஈரச் சட்டை

மேஜை பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் சர்வேயர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

காலையில் அவர் கடைக்குப் போகும்போது மேஜைமேல் போர்வை மூடியிருந்தது. போர்வைக்கு அடியில் ஒரு போர் பாதியில் நின்றிருந்தது. இப்போது போர்வை மடித்து நாற்காலியில் கிடந்தது. சுண்டுவிரல் உயரச் சிப்பாய்கள், பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி, நீலச் சட்டை ஒரு வரிசை, சிவப்புச் சட்டை ஒரு வரிசை என்று நின்றார்கள். குதிரைகள் தனியே. பீரங்கிகள் தனியே. நீலத்துணியில் செய்த ஆறு அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அது பிரியாமலிருக்க மேலே பாலத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"யாரு இதைத் தொட்டது?"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மாதான். ஒரு வாரமா தரையில உக்காந்து சாப்பிட்டு எனக்கு முட்டியே போச்சு. இன்னிக்காவது மேஜையில சாப்பிடலாம்."

மாமியார் ஜன்னலோரமாக ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்க வந்து ஒரு வாரமாகிறது. சும்மா இருக்கத் தெரியாதவர்.

"ஒவ்வொருத்தனா தொடைச்சு வெச்சிருக்கேன், மாப்பிள்ளை. எல்லாருக்கும் சாயம் கெட்டியா இருக்கு. குதிரையில இருக்கானே அந்தச் சிவப்புச் சட்டைக்காரன், அவனுக்கு மட்டும்தான் போகுது. துணி மட்டம் போல."

மாமியாரிடம் எந்த மருமகனால் கோபப்பட முடியும்? "சரிங்க அத்தை" என்றார் சர்வேயர்.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் சாதாரண ஆளில்லை. பல் டாக்டருடைய தளபதி. பல்லுக்குள் ஊசி விடுகிற அதே நிதானத்தோடு டாக்டர் அவனுக்கு மீசை வரைந்திருந்தார். போன வாரம்தான் வரைந்து முடித்தது. மேலே வார்னிஷ் பூசவில்லை. "ஒரு போர் பாத்துட்டு வரட்டும், அப்புறம் பூசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இப்போது அவன் போரைப் பார்க்கவில்லை, குளியலைப் பார்த்துவிட்டான். சட்டையில் பாதி வெறும் ஈயம். மீசையைக் காணோம்.

சர்வேயர், பல் டாக்டர், வக்கீல் மூன்று பேருக்கும் கல்லூரி நாளிலிருந்து சிநேகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்வேயர் வீட்டு மேஜையில் கூடி, என்றோ நடந்து முடிந்த போர்களைத் தாயக்கட்டையும் அளவுநாடாவும் வைத்து மறுபடி நடத்துவார்கள். டாக்டர் ஒரு பக்கம். சர்வேயரும் வக்கீலும் மறுபக்கம். ஆட்டம் பாதியில் நின்றால் அடுத்த ஞாயிறுவரை களத்தில் யார் கையும் படக்கூடாது. அது வக்கீல் எழுதாமல் வாயால் போட்ட சட்டம். மூன்று பேரும் கையடித்துச் சத்தியம் செய்தது.

சர்வேயர் அந்தச் சத்தியத்தைக் கற்புபோலக் காத்தார். இந்த வாரம் முழுக்க வெளியூரில் நிலம் அளக்கும் வேலை. மனைவியும் பகலில் வேலைக்குப் போய்விடுவாள். அவர் விடிவதற்கு முன்னால் போய் இருட்டியபின் வருவார். வந்தாலும் போர்வையின் நுனியைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. காரணம் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் ஜெயிக்கப் போகிறார். அவருடைய நீலக் குதிரைப்படை பாலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் ஒரே நகர்வு. பாலம் கைக்கு வந்தால் டாக்டரின் கதை முடிந்தது.

ஜெயிக்கப் போகிறவன் வீட்டிலேயே களம் கலைந்து மறுபடி அடுக்கினால், தனக்குச் சாதகமாக அடுக்கினான் என்றுதானே உலகம் சொல்லும்?

"உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி. "'எங்க அத்தை தொடைச்சிட்டாங்க'ன்னு."

"எல்லைக்கல்லை நகத்தினவன் எல்லாம் என்கிட்ட அதைத்தான் சொல்வான். 'நான் தொடலை சார், மாடு முட்டிடுச்சு சார்.' நான் ஒரு நாளாவது நம்பியிருக்கேனா?"

"எங்கம்மாவை மாட்டோட சேக்கறீங்களா?"

"அய்யோ, அது இல்ல."

ஒரு சர்வேயருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஊரில் யார் வேலியை யார் நகர்த்தினாலும் கண்டுபிடிக்கிறவர் அவர். ஒருமுறை, தினமும் கல்லை நகர்த்திய ஆள் யாரென்று தெரியாமல், கல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஈரத்தோடு விட்டுவிட்டு வந்தார். மறுநாள் பஞ்சாயத்தில் ஒரு பெரிய மனிதர் மட்டும் கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. இந்தக் கதையை நண்பர்களிடம் அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் அவர் "ஒரு ஊர்ல ஒரு கல்லு" என்று ஆரம்பித்தாலே, "துண்டைச் சீக்கிரம் எடுய்யா" என்பார் வக்கீல். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே வேலி பயிரை மேய்ந்தது என்று ஆகிவிட்டால்?

போன வாரம் போனில் எடுத்த ஒரு படம் இருந்தது. சர்வேயர் அதைப் பார்த்துப் பார்த்து ஆற்றை விரித்தார், குன்றை வைத்தார், சிவப்புக் காலாட்படையை நிறுத்தினார். முக்கால்வாசி களம் வந்துவிட்டது. மீதிக் களத்தை வக்கீலின் தொப்பை மறைத்திருந்தது. பாலம், நீலக் குதிரைகள், சிவப்புத் தளபதி எல்லாம் அந்தத் தொப்பைக்குப் பின்னால்.

தொப்பையைக் கேட்டுவிடுவதுதான் வழி என்று வக்கீலுக்குப் போன் போட்டார்.

"என்னய்யா, நம்ம குதிரைங்க பாலத்துக்கு எவ்வளவு தூரத்துல நின்னுது? ஞாபகம் இருக்கா?"

மறுமுனையில் வக்கீலின் குரல் திடீரென்று தாழ்ந்தது.

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் தூரம் கேக்க மாட்டாங்க. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரு என்ன சொல்லணும்?"

"நீ ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல. நேர்ல பேசிக்கலாம். இப்பவே கிளம்பறேன். டாக்டரையும் கூட்டிக்கிட்டு வரேன்."

சாயங்காலம் வரவேண்டியவர்கள் இப்போதே வருகிறார்கள். சர்வேயர் போனை வைத்துவிட்டு மேஜைக்கு ஓடினார்.

"அவர் ஏன் பதறுறார்?" என்றாள் மனைவி.

"பதறல. மோப்பம் பிடிச்சிட்டாரு. வக்கீல் மூக்கு."

இனி ஞாபகத்தை நம்ப வேண்டியதுதான். நீலக் குதிரைகளைப் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ரொம்பப் பக்கமோ என்று சந்தேகம் வந்தது. கொஞ்சம் பின்னால் இழுத்தார். தனக்குச் சாதகமாக வைத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் இழுத்தார். பயம் வரவர குதிரைகள் பின்வாங்கின. கடைசியில் எதிரி யாருமே இல்லாமல் அவருடைய குதிரைப்படை குன்றுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது. ஜெயித்த போரில் தன் படையைத் தானே துரத்தியடித்த ஒரே தளபதி அவராகத்தான் இருப்பார்.

"இப்ப நீங்கதானே தோக்கறீங்க?" என்றாள் மனைவி.

"தோத்தா மானம் மிஞ்சும்."

மிச்சம் இருந்தது தளபதியின் சட்டை. பெட்டியைத் திறந்தால் நீலம் இருந்தது, கறுப்பு இருந்தது, குதிரைக்கு அடிக்கும் பழுப்புகூட இருந்தது. சிவப்புப் புட்டி மட்டும் காய்ந்து கல்லாகியிருந்தது. அவர் ஓடிப்போய் அலுவலகப் பையைக் கவிழ்த்தார். எல்லைக்கல்லுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட் டப்பா உருண்டு வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத பெயிண்ட். ஆனால் காய்வதற்கு ஒரு பகல் வேண்டும்.

தூரிகை நுனியால் தொட்டு வைத்தார். சட்டை வந்தது. கூடவே பளபளப்பும் வந்தது. அவசரத்தில் மீசை ஒரு பக்கம் காதுவரை போய்விட்டது. சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியை மேஜைப் பக்கம் திருப்பினார். பஞ்சில் செய்த மரங்கள் பறந்தன. ஒன்று பறந்துபோய்த் தளபதியின் முதுகிலேயே ஒட்டியது. பிய்த்து எடுத்தார். பாதி வந்தது, பாதி கம்பளிபோல அங்கேயே நின்றது.

"குளிருக்கு நல்லதுதான்" என்றாள் மனைவி.

"சிரிக்காதே. இருபது வருஷச் சிநேகம் போகப்போகுது."

மாமியார் இதையெல்லாம் ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் தம்பி வராரா? வரட்டும். நல்ல பிள்ளை. சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லிச்சு. பல்வலி பறந்துபோச்சு."

மனைவி எப்போது அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போனாள் என்று கேட்கக்கூட அவருக்கு நேரமில்லை. வாசலில் மணி அடித்தது.

களத்தைப் போர்வையால் மூட முடியவில்லை. மூடினால் தளபதி போர்வையோடு வந்துவிடுவான். திறந்த களத்துக்கு முன்னால் நண்பர்கள் வந்து நின்றார்கள். வழக்கமாக உள்ளே நுழையும்போதே, "செத்தேய்யா இன்னிக்கு" என்று வம்பிழுக்கிற டாக்டர் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் எதிராளியின் சாட்சியைப் பார்ப்பதுபோல மேஜையைப் பார்த்தார்.

டாக்டரின் பார்வை பாலத்துக்குப் போனது. அங்கிருந்து தளபதிக்கு வந்தது. மறுபடி பாலத்துக்குப் போனது.

"தளபதி இங்கயா நின்னாரு?" என்றார் மெல்ல.

சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், எங்க நின்னாரு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் பயத்தில் குரல் விசாரணைக் குரலாக வந்துவிட்டது. டாக்டர் பார்வையைப் பாலத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இல்ல. இங்கதான். இங்கயேதான் நின்னாரு."

"நம்ம குதிரைங்க?" என்று வக்கீல் ஆரம்பித்தார்.

சர்வேயர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார் வக்கீல். "அச்சு அசல் அப்படியே இருக்கு."

பொய் சொல்கிறார்கள் என்று சர்வேயருக்குத் தெரிந்தது. ஜெயிக்கிற இடத்தில் நின்ற குதிரைகள் குன்றுக்குப் பின்னால் நிற்பதை எந்தக் கூட்டாளி சரி என்பான்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் விட்டுப்பிடிக்கிறார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டாக்டரும் துடைத்துக்கொண்டார். வக்கீலும் துடைத்துக்கொண்டார். மின்விசிறி என்னவோ முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி, ஆரம்பிப்போம்" என்று டாக்டர் தளபதியை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதே" என்றார் சர்வேயர்.

அதற்குள் தொட்டாயிற்று. டாக்டரின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ரத்தச் சிவப்பாகின. அவர் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது என்ன பெயிண்ட்?"

பொய் சொல்ல சர்வேயருக்கு வராது. "கல்லுக்கு அடிக்கிறது."

சமையலறையில் குக்கர்கூட விசிலை அடக்கிக்கொண்டது. டாக்டர் சிவந்த விரல்களைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். வக்கீல் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, யாருக்கும் தெரியாததுபோல, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ ஜெயிச்சிட்டேய்யா" என்றார் டாக்டர். "நான் கிளம்பறேன்."

"இன்னும் ஆடவே இல்லையே."

"போதும்ய்யா. ஜெயிச்சேன்னு வெச்சுக்கோ. இந்தத் தளபதியையும் நீயே வெச்சுக்கோ."

சர்வேயர் குறுக்கே வந்து நின்றார். "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. நடந்தது என்னன்னா..."

வக்கீல் அவர் தோளில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்து, தோளில் கறை ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். "நடந்ததைப் பத்தி யாரும் பேச வேண்டாம்ய்யா. நமக்குள்ளயே போகட்டும். வெளியில தெரிஞ்சா நல்லா இருக்காது."

மன்னிக்கிறார்கள். மன்னித்துவிட்டு விலகுகிறார்கள். இதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு அவசரமாகப் படியிறங்கினார்கள். வாசல் மூலையில் ஒரு குடை சாத்தியிருந்தது. கைப்பிடியில் வக்கீலின் பெயர். போன ஞாயிற்றுக்கிழமை விட்டுப் போனார் போல என்று சர்வேயர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"உன் குடைய்யா."

வக்கீல் குடையைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "என்னோடது இல்ல" என்று சொல்லிவிட்டுத் தெருவில் வேகமாக நடந்தார். இந்த வீட்டிலிருந்து சொந்தக் குடையைக்கூட எடுத்துப்போக அவருக்கு மனமில்லை.

சர்வேயர் குடையோடு திரும்பி வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார். குன்றுக்குப் பின்னால் அவருடைய குதிரைகள். காதுவரை மீசை இழுத்த தளபதி, டாக்டரின் கைரேகையை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றான்.

"போச்சு" என்றார். "இனிமே இந்தப் படி ஏற மாட்டாங்க. ஊருக்கெல்லாம் கல்லு நட்டவன், என் வீட்டுல ஒரு களத்தைக் காப்பாத்த முடியல."

மனைவி அவர் கையிலிருந்த குடையை வாங்கிச் சுவரில் சாத்தினாள்.

மாமியார் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து, துணியின் உலர்ந்த பக்கத்தால் மேஜை விளிம்பைத் துடைத்தபடி சொன்னார்: "நீங்க ஏன் மாப்பிள்ளை மனசை விடறீங்க? என் பல்லைப் பாக்க வந்த அன்னிக்கு டாக்டர் தம்பி போர்வையைத் தூக்கி அந்தச் சிவப்புச் சட்டைக்காரனைப் பாலத்து மேல ஏத்தி வெச்சிட்டுப் போச்சு, மழைக்கு ஒதுங்க வந்த வக்கீல் தம்பி அவனை இறக்கிவிட்டு உங்க குதிரைங்களை ஏத்தி வெச்சிட்டுப் போச்சு, மறுபடி டாக்டர் தம்பி வந்துச்சு. வாரம் பூரா ரெண்டு பேருக்கும் ஒத்துவரலையேன்னுதான் நானே யாருக்கும் பொதுவா வரிசையா அடுக்கி வெச்சேன்."