பதினோரு ஸ்டார் ஸ்க்ரூ

பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரின் டேஷ்போர்டில் இருந்த பதினோரு திருகாணிகளும் ஸ்டார் தலை. அந்த மாடலுக்கென்று வாங்கி வைத்திருந்த உதிரிபாகப் புத்தகத்திலோ, நாற்பத்திரண்டாம் பக்கத்தில், பளிச்சென்று ஒற்றைக் கோட்டுத் தலை.

கிளினிக்கிலிருந்து வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. பதினொன்றும் ஸ்டார்.

"போச்சு! எவனோ அசல் ஸ்க்ரூவைக் கழட்டிட்டு இதைப் போட்டு உங்கப்பாவை ஏமாத்தியிருக்கான்!"

மனைவி உள்ளிருந்து ஓடி வந்தாள். "சும்மா இருங்க. அப்பா இந்த வண்டியை யார் கையிலயும் கொடுத்ததே இல்லை. பானெட்டைக் கூட யாரையும் திறக்க விட மாட்டாரு."

"அப்போ வாங்கும்போதே ஏமாந்திருக்காரு."

"நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே வந்த வண்டி. எனக்கு என்ன தெரியும்?"

மாமனார் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் உயிராக வைத்திருந்த சிவப்பு நிற, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் மகளுக்கு வந்து சேர்ந்தது. மூன்று வாரத்தில் பழைய கார் கண்காட்சி. அதில் அப்பா பெயரைப் போட்டு வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அவள் ஆசை. நிறுத்தினால் போதும் என்றுதான் அவள் சொன்னாள். முதல் பரிசே வாங்கித் தருகிறேன் என்று வாயை விட்டவர் டாக்டர். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, கடைசித் திருகாணி வரை அப்படியே இருக்கிற வண்டிக்குத்தான் அந்தப் பரிசு.

அசல் திருகாணிகள் தபாலில் வந்தன. மெக்கானிக் முதல் திருகாணியை ஓட்டையில் வைத்தார். அது கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளே விழுந்தது.

"ஓட்டை பெருசா இருக்கு டாக்டர்."

"ஓட்டையை அடைக்கிறதுதான்யா என் தொழிலே!"

பல் அடைக்கும் பசையைக் குழைத்துப் பதினோரு ஓட்டையையும் அடைத்தார். நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். பல் குடையும் கருவியாலேயே அளவாகத் துளை போட்டார். பத்து ஓட்டை அழகாக அமைந்தது. பதினோராவதில் 'சடக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிளந்துகொண்டது.

"பரவாயில்லை, இது எப்படியும் போலியாத்தான் இருக்கும். அசல் டேஷ்போர்டே வாங்கிடுவோம்."

அசலும் வந்தது. நாலு விரல்கடை குட்டை.

"டாக்டர், முப்பது வருஷமா வண்டி பார்க்கிறேன். சொந்தச் சாமானையே வேண்டாங்கிற வண்டியை இப்பத்தான் பார்க்கிறேன். இதுக்கு மேல கை வைக்க வேண்டாம், கேளுங்க."

"புத்தகம் பொய் சொல்லுமா? ரெண்டு பக்கத்துத் தகரத்தையும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க."

தள்ளினார்கள். டேஷ்போர்டு கச்சிதமாக உட்கார்ந்தது. கதவுகள் மூட மறுத்தன.

அசல் கீல் எங்கே கிடைக்கும் என்று கிளினிக்கில் உட்கார்ந்து அரைமணி நேரம் போன் போட்டார். நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்தபடியே கிடந்தார். கடைசியில் கையால் ஜாடை காட்டி, மூடிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கீல் மாற்றியதும் கதவு மூடிக்கொண்டது. பிறகு திறக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட டாக்டர் கூரை இல்லாத வண்டியின் மேல்வழியாக ஏறிக் குதித்தார். கால் பட்டு ஹாரன் அலறத் தொடங்கியது. அதை நிறுத்த மெக்கானிக் ஒரு வயரைப் பிடுங்க, ஹாரனோடு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினும் நின்றது. அதன் பிறகு யார் சாவி போட்டும் அது இருமக்கூட இல்லை.

மனைவி வந்து சாவியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அப்பா வச்சிருந்தப்ப ஓடுச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால்கூட டாக்டருக்குத் தேவலாம் போல் இருந்தது.

கண்காட்சிக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் போனார்கள். வெளியூரில் மகனோடு இருக்கும் மாமியார், வண்டியைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார். பார்த்தவர் டேஷ்போர்டு மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். மெய்சிலிர்த்துப் போய்விட்டார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

நடுவர் டார்ச்சோடு வந்தார். ஒவ்வொரு திருகாணியாகக் குனிந்து பார்த்தார்.

"பிரமாதம். ஸ்க்ரூ, டேஷ்போர்டு, கீல் எல்லாமே அசல். இந்த அளவுக்குச் சுத்தமா நான் பார்த்ததே இல்லை."

டாக்டர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள்.

நடுவர் வண்டிக்கு அடியில் படுத்தார். போனவர் சீக்கிரம் வரவில்லை. வெளியே வந்தபோது பேயறைந்த முகம்.

"டாக்டர், சேசிஸ் நம்பர் எங்கே?"

"அடியில இருக்குமே."

"இல்லையே. தொழிற்சாலையில ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் அடிச்சுத்தான் வெளியே விடுவாங்க. இதுல அடிச்ச தடமே இல்லை. இன்ஜின் வேற ஏதோ சரக்கு வேனோடது."

டாக்டர் மாமியார் பக்கம் திரும்பினார்.

"அத்தை, மாமா இதை யார்கிட்ட வாங்கினாரு?"

மாமியார் புது டேஷ்போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"வாங்கினாரா? நாலு வருஷம் பின்னாடிக் கொட்டகையில உட்கார்ந்து, கார் படத்தைப் பார்த்துத் தகரத்தைத் தட்டித் தட்டி அவர் கையாலேயே செஞ்ச வண்டி மாப்பிள்ளை இது!"