நின்றபடியே இணையத்தளம் கட்டிய ரைட் நானா

கண்டி மாவட்டத்தைச் சல்லடை போட்டுத் தேடினாலும், நின்றுகொண்டே இணையத்தளம் கட்டிய இன்னொரு ஆளை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. நாங்களெல்லாம் கதிரையில் முதுகு வளைய உட்கார்ந்துதான் அந்த வித்தையைக் கற்றோம். ரைட் நானா மட்டும் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார். அந்தக் கட்டடமே பஸ் மாதிரி வளைவில் திரும்பினாலும் அவர் விழமாட்டார்.

மடவளையிலிருந்து கண்டிக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் அவர் பதினெட்டு வருடம் கொண்டக்டர். எந்தப் பேச்சையும் "ரைட்" என்று சொல்லித்தான் முடிப்பார், அதனால் எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையில் அவர் ரைட் நானா. அவருடைய உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை.

இணையத்தளம் கட்டப் பழகும் எங்கள் சந்திப்பு ஞாயிறு காலைகளில் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் நடக்கும். கம்பனி ஒன்றில் வேலை செய்யும் சுரேன் பாட வீடியோவைச் சுவரில் ஓடவிடுவான். இடையிடையே நிறுத்துவான், நாங்கள் பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்துச் செய்வோம். நான் மஹய்யாவவிலிருந்து போவேன். போட்டோகொப்பிக் கடையில் மையும் புகையுமாகக் கழிந்த என் நாட்களிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதல் நாள், ஏன் இதைப் படிக்க வந்தீர்கள் என்று சுரேன் எல்லோரையும் கேட்டான். ஒருவர் எதிர்காலம் என்றார், ஒருவர் சின்ன வயது ஆசை என்றார். நான்கூட என்னவோ ஆங்கிலத்தில் உளறினேன். நானாவின் முறை வந்ததும் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, கயிறு கயிறாக நரம்பு புடைத்த காலைக் காட்டினார்.

"இன்னும் ஒரு வருசம் பஸ்ல நின்டா நடக்கவே ஏலாமப் போகுமென்டு டொக்டர் சொல்லிட்டார் தம்பி. உக்காந்து செய்ற தொழில் ஒன்டு வேணும். ஒலகத்துலயே ஆகக் கூட உக்காந்து செய்றது இதுதானென்டு கேள்விப்பட்டேன். ரைட்."

"அப்போ உக்காருங்க நானா" என்று சுரேன் கதிரையை இழுத்துப் போட்டான்.

"உக்காந்தாத் தூக்கம் வருது தம்பி. நின்டாத்தான் மண்டை வேல செய்யுது."

அவர் செய்த முதல் பக்கத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். படம், பொத்தான், எழுத்து, மறுபடி படம் என்று திரையில் ஈ நுழைய இடமில்லை. கொஞ்சம் வெற்றிடம் விட்டால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று சுரேன் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

நானா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆள் ஏத்தாம வெறும் சீட்டோட யாராச்சும் பஸ் எடுப்பாங்களா தம்பி?"

வீடியோவில் வரும் வெள்ளைக்காரர் தண்ணீர் குடித்தால் இவரும் குடிப்பார். அதுவும் பாடத்தில் ஓர் அங்கம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த வெள்ளைக்காரர் ஒருநாள் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்றபோது நானாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிழையான பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நடுவழியில் இறக்கிவிட்டான் என்று அன்று முழுவதும் முணுமுணுத்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் எங்களில் யாரும் அவருக்குக் கிட்ட நிற்க முடியாது. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் பின்தங்கிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவதுபோல் மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். சுரேன் திடுக்கிட்டு நிறுத்துவான்.

"எனக்கி வெளங்கல்ல தம்பி. திருப்பிப் போடுங்கொ."

வெளங்காதது பெரும்பாலும் எனக்குத்தான். எல்லாம் புரிந்தவள்போலத் தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி. அந்தத் தலையாட்டல் அந்த அறையில் நானாவிடம் மட்டும் எடுபடவில்லை.

எட்டு மாதம் கழித்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்னக் கம்பனி ஆள் எடுக்கிறது என்று சுரேன் சொன்னான். இருப்பது ஒரே ஓர் இடம். நானாவும் நானும் இன்னும் இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். படத்தில் உள்ளதுபோல் ஒரு பக்கத்தை ஒன்றரை மணி நேரத்தில் செய்ய வேண்டும், லப்டொப்பை அவரவரே கொண்டுவர வேண்டும். நானா புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி வந்திருந்தார். கால் வீங்கி, செருப்பின் வாரைத் தளர்த்தியிருந்தார்.

தொடங்கிக் கால்மணி நேரம் ஆகவில்லை, என் லப்டொப் தானாக அணைந்து அப்டேட் செய்யத் தொடங்கியது. நூற்றுக்கு இரண்டு வீதம் என்று காட்டியது. வெகுநேரம் கழித்து மூன்று வீதம் என்றது. கையை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல எல்லாம் சரியாக இருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து மேசையில் படீரென்று ஒரு தட்டு கேட்டது.

"சேர், எல்லாரையும் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கொ. இந்தத் தங்கச்சிட மெசின் நின்டுட்டுது."

"நேரத்தை நிறுத்த முடியாது. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார் மேற்பார்வையாளர்.

நானா தன் லப்டொப்பை என் பக்கம் தள்ளினார். "என்ட வேல முடிஞ்சி. இதுல செய்ங்கொ, தங்கச்சி. ரைட்."

அவர் எட்டு மாதம் நின்றுகொண்டு படித்தவர், வேகமாக முடித்திருப்பார் என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

வேலை எனக்குக் கிடைத்தது. நானா பக்கத்தின் தலைப்புப் பட்டையை மட்டுந்தான் செய்திருந்தார் என்று சுரேன் விசாரித்துச் சொன்னபோது எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அன்று மாலையே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ்ஸின் கதவில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி மறு காலில் நானா நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் நானா பொய் சொன்னீங்க? அந்த வேலை எனக்கு வேணாம். நாளைக்கே போய்ச் சொல்லிடுறேன்."

"கிறுக்கா புடிச்சிருக்கு? ஒழுங்கா வேலைக்குப் போங்கொ."

"உங்க கால்?"

"கால் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும்." டிக்கட் கட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "ஒரு ஆள விட்டுட்டு எடுக்க எனக்கிப் பழக்கமில்ல, தங்கச்சி."

அவருக்கு இன்னொரு முறை பரீட்சை வையுங்கள் என்று கம்பனியில் கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. பிறகு சுரேனும் நானும் ஏறி இறங்காத வாசலில்லை. கடைசியில் அக்குறணையில் ஒரு கலியாண மண்டபத்துக்குத் தளம் செய்யும் வேலையை நானாவுக்கு வாங்கிக் கொடுத்தோம். மூலை முடுக்கெல்லாம் நிரப்பி அவர் செய்த அந்தப் பக்கம் மண்டபக்காரருக்கு அப்படிப் பிடித்துப்போனது. அவர் தன் மச்சானிடம் சொல்ல, மச்சான் ஊரெல்லாம் சொல்ல, வருடம் முடிய முன்பே நானா பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார். இப்போது மடவளை வீட்டில், நாங்கள் வாங்கிக் கொடுத்த உயரமான ஸ்டூலில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் வேலை செய்கிறார். கால் வீக்கம் வற்றியிருக்கிறது.

எங்கேயாவது சிக்கிக்கொண்டால் எனக்குத்தான் போன் அடிப்பார், அதுவும் சரியாக எங்கள் கம்பனிக் கூட்டம் நடக்கும் நேரம் பார்த்து. கூட்டத்தின்போது போன் எடுக்கக் கூடாது என்பது எங்கள் மனேஜர் போட்ட சட்டம். மற்ற எல்லோருடைய அழைப்பையும் வெட்டிவிடுவேன். திரையில் 'ரைட் நானா' என்று வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன்.