பியோ அண்ணனின் இலவச வைத்தியம்

இலவச வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. மனிதர்களுக்கு அல்ல, உங்கள் வீட்டுக் கணினிக்கு வைத்தியம் பார்ப்பவர். அவரைக் கூப்பிட வேண்டியதே இல்லை. லிஃப்டில் மனைவியிடம், "ரெண்டு நாளா கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா..." என்று முணுமுணுத்துப் பாருங்கள். உங்கள் மாடி வருவதற்குள் அவரும் கூடவே இறங்கி, உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

தென்கொரியாவின் சியோல் நகரில் அடுக்குமாடிக்கு ஒருவராவது தேறுவார். எங்களுக்கு வாய்த்தவர் பதினாலாம் மாடி பியோ சாங்-உக். உட்கார்ந்ததும் முதல் காரியம், ஒரு பெருமூச்சு. மவுஸை லேசாக அசைத்துவிட்டு, நாடி பிடித்தவர் போல என்னைப் பார்ப்பார்.

"இதை எப்படிப்பா இத்தனை நாளா ஓட்டுன?"

"ஓடுச்சுண்ணே."

"ஓடுச்சா! அதுதான் ஆபத்தே."

பிறகென்ன? குப்பை கூட்ட ஒரு மென்பொருள், அது சரியாகக் கூட்டியதா என்று பார்க்க இன்னொன்று, வைரஸைப் பிடிக்க ஒன்று, அது அசந்தால் பிடிக்க மற்றொன்று, ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால் கண்டுபிடிக்க ஒன்று, இத்தனையும் சேர்ந்து கணினியை மெதுவாக்கிவிடுவதால் அதை வேகப்படுத்த ஒன்று. எல்லாம் இலவசம்! அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற ஒளி, அவருடைய மகளுக்கு வேலை கிடைத்த அன்றுகூட வரவில்லை. கூலியா? மூச்! தோல் சீவிய பேரிக்காய், அதுவும் முழுசாக ஒன்று, வைத்தால் போதும்.

சூசோக் அறுவடைப் பண்டிகை என்றால் ஊரே ரயிலேறும். டிக்கெட் பதிவு இணையத்தில் ஒரு காலையில் திறந்து, கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். நான் இரண்டு வருடமாக அம்மா இருக்கும் மொக்போவுக்குப் போகவில்லை. இந்தத் தடவை அம்மா போனில் சொல்லிவிட்டாள்: "ரயிலைப் பிடிச்சு நேரத்தோட வந்து சேரு. இல்லேன்னா உன் பங்கு சோங்பியோன் கொழுக்கட்டைய எதிர்வீட்டு நாய்க்குப் போட்டுருவேன். அதாச்சும் வாலாட்டும்."

சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

பதிவுக்கு முந்தைய நாள் மாலை பியோ அண்ணன் வந்தார். "டிக்கெட்டுக்கா? இந்த வேகத்துக்கு நீ மொக்போவுக்கு நடந்தே போயிரலாம். தள்ளு." பின்னணியில் சும்மா ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்களை எல்லாம் களையெடுக்கத் தொடங்கினார்.

பேரிக்காய்த் தட்டோடு வந்த என் மனைவி மி-ரான், "அண்ணே, காலைல அவசரமா வேணும். இன்னைக்கு எதையும் தொடாம விட்டா..." என்று இழுத்தாள்.

"நாளைக்குப் பாரு தங்கச்சி, பறக்கும்!"

பறந்தது. மறுநாள் காலை ரயில் பதிவுப் பக்கம் பறந்து வந்து, 'பாதுகாப்பு மென்பொருளைக் காணோம், நிறுவுங்கள்' என்றது. அண்ணன் பிடுங்கிய களைகளில் அதுவும் ஒன்று. நிறுவினேன். அண்ணன் வைத்த காவல்காரர்களில் ஒருவன், 'வைரஸ்' என்று சொல்லி அதைப் பிடித்துப் போட்டான். மறுபடி நிறுவினேன். இந்தத் தடவை இன்னொருவன். கணினியை அணைத்துப் போட்டேன். 'வேகப்படுத்துகிறோம், சற்றுப் பொறுங்கள்' என்றது திரை. பொறுக்கவா முடியும்? சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

அங்கே, பையன்கள் காசு கொடுத்துக் கணினியில் விளையாடும் பிசி பாங் இருக்கிறது. ஒரே நூடுல்ஸ் வாசனை. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார் பியோ அண்ணன். அவருடைய திரையில் அவர் ஊரான தேகுவுக்கு இரண்டு சன்னலோர இருக்கைகள், பதிவாகிவிட்டன.

"அண்ணே! நீங்க எங்க இங்க?"

"மெதுவாப் பேசுப்பா. இங்க எதையும் தொட விட மாட்டானுங்க. அதான் நல்லா ஓடுது."

"அப்ப உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்?"

"வேகமாயிட்டிருக்கு," என்றார். "மே மாசத்துலேர்ந்து."

நான் உட்கார்ந்தபோது மொக்போ ரயில்கள் தீர்ந்திருந்தன. பண்டிகை நெரிசலில் பஸ்ஸில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். உள்ளே கொழுக்கட்டைத் தட்டு காலி. எதிர்வீட்டு வாசலில் நாய் வாலாட்டியது.

இவ்வளவும் படித்துவிட்டு, 'சே, அந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் போட்டிருப்பதைப் போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது, அதுவும் இலவசம்தான்' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து எங்கள் லிஃப்டில் ஏறிவிடாதீர்கள். வீட்டில் பேரிக்காய் தீர்ந்துவிட்டது.