மூன்றாம் சனிக்கிழமையும் ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பும்

ஒரு சட்டி கருவாட்டுக் குழம்புக்காகக் கடல் தாண்டி வந்தவன் நான். ஊரில் கேட்டவர்களிடம் அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவைத்தேன். அதுவும் பொய்யில்லை, குழம்பு வைப்பது அம்மாதானே.

மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை, இரண்டு வருடமாக மெஸ் சாப்பாடு. எங்கள் சாலவாக்கம் பக்கம் மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு வைக்கிற கருவாட்டுக் குழம்பை நினைத்துவிட்டால் அங்கே எனக்குச் சோறு இறங்காது. (கட்டிக்கொண்டவளைக்கூட நான் இப்படி நினைத்து ஏங்கியதில்லை. அவளும் இதைப் படிப்பாள், பார்த்துக்கொள்ளலாம்.) பத்து நாள் லீவு என்றதும் டிக்கெட் போட்டேன். இங்கிலீஷ் தேதியைப் பார்த்த மடையன் தமிழ் மாதத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் நுழைந்தால் மாமா நெற்றி நிறைய நாமத்தோடு உட்கார்ந்திருக்கிறார். புரட்டாசி! அந்த மாதம் எங்கள் வீட்டு வாசலை முட்டைகூடத் தாண்டாது. போதாக்குறைக்கு, பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்தால் மூன்றாம் சனிக்கிழமை தளிகை போட்டுப் படைப்பதாக அம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த திங்கட்கிழமையே எனக்கு பிளைட். மறுபடி வர இரண்டு வருடம் ஆகும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாளெல்லாம் எனக்கு நல்லதே நடந்ததில்லை.) சனிக்கிழமை எல்லோரும் பூஜையில் இருப்பார்கள், என்னை யார் தேடப்போகிறார்கள்? உத்திரமேரூருக்குப் போய்க் கருவாடு வாங்கினேன். புரட்டாசியில் வந்த ஒரே கிராக்கி என்று கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை கழனியில் இருக்கிற மோட்டார் கொட்டாயில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். சோறு வடித்தாயிற்று. குழம்பும் கொதித்தது.

இரண்டு விஷயங்களை மறந்திருந்தேன். ஒன்று, காற்று கழனியிலிருந்து வீட்டுப் பக்கம் அடிக்கிறது. இரண்டு, அந்தப் பூஜையே எனக்காகத்தான். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். அங்கே 'கோவிந்தா' போட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார்களாம். என்னைத் தேட ஆளே அனுப்ப வேண்டியிருக்கவில்லை, வாசனையே கூட்டி வந்துவிட்டது.

முதலில் வந்தவர் மாமா. "டேய், வூட்ல பூஜ நடந்துக்கினு கீது, நீ இன்னாடா பண்ணிக்கினு கீற?" என்றார். நான் கரண்டியோடு திருதிருவென்று முழித்தேன். அவர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "மொச்ச போட்டியா?" என்று கேட்டார்.

பின்னாலேயே அம்மா வந்தாள். மஞ்சள் புடவை, முந்தானையால் முகத்தைப் பொத்தியிருந்தாள். பொத்தியிருந்தது வாயை மட்டும்தான், மூக்கு வெளியேதான் இருந்தது. பத்தடி தள்ளி வரப்பிலேயே நின்றுவிட்டாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"மொளகாத்தூளு பச்ச வாட போவல. புளியும் பத்தல," என்றாள்.

அதன் பிறகு நடந்ததுதான் சமையல். அம்மா கிட்டே வரவில்லை, சட்டியைத் தொடவில்லை. காற்றை மோந்து மோந்து சொன்னாள், நான் செய்தேன். புளியை ஊற்று, விறகை இழு, மூடாதே, இப்போது இறக்கு. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன்.

"உனுக்காவத்தான்டா வேண்டிக்கினேன். நீ நல்லாருக்கணும்னு வேண்டிக்கினேன், ஏங்கிப் போவணும்னா வேண்டிக்கினேன்? துன்னுட்டு, குளிச்சிட்டு வா. கற்பூரம் காத்துக்கினு கீது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் வாயில் இன்னும் நிறைய வந்தது. கருவாட்டு உப்பு போதாதென்று நான் வேறு ஒரு கை அள்ளிப் போட்டிருந்தேன். அம்மாவின் மூக்குக்கு எல்லாம் தெரிந்தது, உப்பு மட்டும் தெரியவில்லை. ஆனாலும் அது அம்மா வைத்த குழம்புதான். சட்டியை வழித்து முடித்தேன். மாமா கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றார், பாவம்.

சொந்தத்தில் இன்றுவரை என் பெயர் 'புரட்டாசிக் கருவாடு'. என் மகளின் பள்ளித் தோழிகளுக்குக்கூட இந்தக் கதை தெரியும்.

இப்போதும் மஸ்கட் ரூமில் வெள்ளிக்கிழமைகளில் குழம்பு வைக்கிறேன், வீடியோ காலில் அம்மாவுக்குச் சட்டியைக் காட்டுவேன். அவள் போனை மூக்குக்கிட்டே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பாள். பின்னால் வீடே சிரிக்கும், மாமா சிரிப்புதான் பெரிதாகக் கேட்கும். எனக்கு இங்கே திரை முழுக்க அம்மாவின் மூக்குத்திதான் தெரியும்.

"ஒண்ணுமே தெர்லயேடா," என்பாள். "எப்ப வர?"